சக்கரத்தின் உள்பக்கம்

நான் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனங்களில் பாதிக்கு மேல் என் காரைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. இருபது வயது தாண்டிய சின்னக் கார் அது. பின்கதவை மேலே தூக்கித் திறக்க வேண்டும். வாங்கப் போனபோது விற்றவரே, "இதை எடுத்துட்டுப் போயி என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நான் செய்த முதல் காரியம், நாலு ஸ்பிரிங்கையும் மாற்றி வண்டியைத் தரையை நோக்கி இறக்கியதுதான். உயரம் குறைந்ததும் அந்தக் காருக்கு ஒரு மிடுக்கு வந்தது. வேகத்தடையைக் கண்டால் மட்டும் நானும் வண்டியும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

என் வேலைக்கும் அந்த வண்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நாமக்கல்லில் இருந்துகொண்டு கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமும் மருந்தும் விற்கிற வேலை எனக்கு. ராசிபுரம், புதுச்சத்திரம் என்று தினமும் பண்ணை பண்ணையாக ஏறி இறங்க வேண்டும். பண்ணைப் பாதை எதுவும் காருக்காகப் போட்டதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பைக்கில் போவார்கள். நான் மட்டும் தரையைத் தடவிக்கொண்டு போவேன். கேலி செய்தால் கோபம் வரும். கோபம் வந்தால் வண்டிக்கு இன்னும் ஏதாவது வாங்கிப் போடுவேன்.

அப்படி வந்ததுதான் அகல ரிம் ஆசை. இறக்கிய வண்டிக்குப் பழைய ஒல்லி ரிம் பொருந்தவே இல்லை. பெரிய உடம்புக்காரர் சின்னச் செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அலுமினியத்தில் வார்த்த அலாய் ரிம் போடலாம் என்றால் நம் ஊர்க் குழிகளில் ஒருமுறை இறங்கினாலே விரிசல் விட்டுவிடும். இரும்பு அப்படியில்லை. வளைந்தால் அடித்து நிமிர்த்திக்கொள்ளலாம். பெரிய காரின் இரும்பு ரிம்மைப் பழைய சாமான் கடைகளில் தேடினேன். போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. கடைசியில், என்னுடைய ரிம்மையே வெட்டி நடுவே பட்டை வைத்துப் பற்றவைத்து அகலமாக்குவது என்று முடிவு செய்தேன்.

நாமக்கல்லில் அதற்கா ஆள் இல்லை? லாரி பாடி கட்டுகிற பட்டறைகளுக்குப் பின்னால், லாரி ரிம்மில் வளைவை நிமிர்த்திப் பெண்டு எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். லேத்தில் மாட்டி ஒரு நூல் பிசகாமல் வெட்டுவார் என்று சொன்னார்கள். என் ரிம்மைக் கையில் வாங்கியவர் அதைத் தட்டு மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயா நீங்க ஊட்டாளுங்களை வெச்சு ஓட்டறீங்க?" என்றார்.

"அகலம் பண்ணோணுமுங்க. ஒன்றரை அங்குலம்."

"பண்ணலாமுங்க. வெளிய தள்ளோணுமா, உள்ள தள்ளோணுமா? வெளிய தள்ளுனா பாக்கறதுக்கு நல்லாருக்கும், பேரிங்கைத் திங்கும். உள்ள தள்ளுனா ஸ்பிரிங்குல ஒரசும்."

ஒரு மணி நேரம் பேசினோம். பெண் பார்த்த வீட்டில்கூட நான் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. வெளியே ஒரு அங்குலம், உள்ளே அரை அங்குலம் என்று பேசி முடித்தோம். பிறகு, ரிம் நடுவில் வட்டமாக இருக்கும் காற்று ஓட்டைகளைத் தகடு வைத்து மூடிவிடச் சொன்னேன். மொழுக்கென்று இருந்தால்தான் அழகு.

அவர் முகம் சுருங்கியது. "ஓட்டையை எதுக்குங்க அடைக்கறது? பிரேக்கு சூடு போகோணும், உள்ள போன மண்ணு வெளிய வரோணும்."

"அழகுக்குத்தானுங்க. நீங்க அடைச்சுக் குடுங்க."

"சரி. உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அழகாகத்தான் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. பற்றவைத்த இடம் தெரியாமல் தேய்த்து, கருப்புப் பெயிண்ட் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிக் கொடுத்தார். அகல ரிம்முக்குக் குட்டை டயர். வண்டி இன்னும் இரண்டு விரல் இறங்கியது. அன்று நான் சும்மாவே சேலம் ரோட்டில் போய்த் திரும்பி வந்தேன். டீக்கடைக் கண்ணாடியில் என் வண்டியை நானே பார்த்துக்கொண்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி, அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பண்ணை இருக்கிறது. மாமா போர்வெல் ரிக்கில் ஆபரேட்டர். வருஷத்தில் பத்து மாதம் வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். பண்ணையை அக்காதான் ஒண்டியாக நடத்தினாள். எப்போதும் வளர்ந்த கோழியாக வாங்கிப் போட்டு முட்டை எடுப்பாள். இந்த முறை முதல் தடவையாக, ஒரு நாள் குஞ்சாகவே வாங்கி வளர்த்தாள். இந்தக் குஞ்சுகள் தேறி முட்டைக்கு வந்துவிட்டால் மாமாவை ரிக்கிலிருந்து இறக்கிவிடலாம் என்று இருந்தாள். மாமாவும் அதற்குச் சம்மதித்திருந்தார். அக்கா அந்தக் குஞ்சுகளோடுதான் தூங்கினாள் என்று சொன்னால் மிகையில்லை.

குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளத் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள். பண்ணையிலேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள். அக்கா சொன்னால் அப்படியே செய்வாள், சொல்லாவிட்டாலும் செய்வாள். குஞ்சுக் கொட்டகைக்குள் போகுமுன் குளிப்பது, துணி மாற்றுவது, செருப்பை வெளியே விடுவது எதிலும் அவளிடம் குறை காண முடியாது.

பண்ணை வாசலில் சிமெண்டால் கட்டிய ஒரு மருந்துத் தொட்டி உண்டு. இந்தப் பக்கத்தில் எல்லாப் பண்ணையிலும் பார்க்கலாம். நோய்க்கிருமி சாக வேண்டும் என்று மருந்து கலந்த தண்ணீர் நிற்கும். தீவன லாரியானாலும் கலெக்டர் ஜீப்பானாலும் அதில் இறங்கி ஏறித்தான் உள்ளே வர முடியும். ஓடுகிற சக்கரம் முழுசும் நனைய வேண்டும் என்பதற்காகவே அதை அத்தனை நீளமாகக் கட்டுவார்கள். இதை ஊர் ஊராகப் போய்ப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்கிறவனே நான்தான். தொட்டி மருந்தும் நானே விற்கிறேன்.

ரிம் மாட்டிய மறுநாள், திங்கட்கிழமை, ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு பண்ணைக்குக் கூப்பிட்டார்கள். கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. பார்த்ததும் தெரிந்துவிட்டது, வெள்ளைக்கழிச்சல். ஒட்டினால் கொட்டகையையே காலி செய்துவிடுகிற தொற்று. முதல் நாள் மழை பெய்திருந்தது. கூண்டுகளுக்கு அடியில் இருந்த எரு சேறாகிப் பாதை எல்லாம் வழிந்திருந்தது. மருந்துப் பெட்டிகளை இறக்க வண்டியை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு கொட்டகை வரைக்கும் போனேன்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். சட்டை, பேண்ட் எல்லாவற்றையும் ஊறப் போட்டேன். செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் கழுவினேன். டயரில் குழாயைப் பிடித்தேன். ரிம்மை மஞ்சள் துணியால் பளபளவென்று துடைத்தேன். வெளிப்பக்கம் மட்டும். இதுதான் என் தொழில், இதில் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை அக்கா பண்ணைக்குப் போனேன். நிஜத்தைச் சொன்னால் ரிம்மைக் காட்டத்தான் போனேன். தொட்டியில் முன்சக்கரத்தை இறக்கியதும் பம்பர் சிமெண்டில் 'டங்' என்று இடித்தது. முன்பெல்லாம் கோணலாக வந்து எப்படியோ ஏறிவிடுவேன். இப்போது வண்டி இன்னும் இறங்கியிருந்ததால் முடியவில்லை. அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வயித்தை எக்கிட்டு வா கண்ணு, பாப்பம்."

"விளையாடாதக்கா. அடி கிழிஞ்சுரும்."

"சரி, ஓரமா வா. புள்ளை மருந்து அடிச்சு உடுவா" என்றாள். வேறு யாருக்கும் அக்கா அப்படி விட்டதில்லை. கொட்டகைக்குள் ஏதோ வேலையாக அவள் திரும்பிப் போனாள்.

வேலைக்காரப் பெண் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வந்தாள். டயரில் அடித்தாள். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் குழாயை நீட்டப் போனாள். நான் பதறிவிட்டேன். புதுப் பெயிண்ட், மருந்து பட்டால் வெளுத்துவிடும்.

"ரிம்முல அடிக்காதம்மா. டயர் மேல மட்டும் அடி. பெயிண்ட் போயிரும்."

"உள்பக்கம் நனையலீங்களேண்ணா."

"நேத்தே கழுவிட்டேன். போதும் எந்திரி."

எழுந்துவிட்டாள். நான் வண்டியைக் குஞ்சுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நிறுத்தினேன். அக்கா வந்து ரிம்மைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை காலையில் சேலம் ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. அறுபதில் ஒன்றுமில்லை. எழுபதைத் தாண்டினால் கை அதிர்ந்தது. எண்பதில் கண்ணாடி எல்லாம் கடகடத்தது. எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. வெட்டு சரியில்லை, ரிம் கோணல், ஏமாற்றிவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அன்று பார்க்க வேண்டிய இரண்டு பண்ணைகளை விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய் நின்றேன்.

"என்னங்க வேலை இது? லாரிக்குப் பண்ற மாதிரிப் பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று வந்ததும் வராததுமாகக் கத்தினேன்.

அவர் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டு, சாக்பீஸை ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் ஆடாமல் பிடித்தார். கோணல் இருந்தால் ஒரு இடத்தில் மட்டும் கோடு விழும். ரிம் சுற்றிலும் ஒரே சீராகக் கோடு விழுந்தது.

"ரிம்முல ஒரு நூலு வித்தியாசம் இல்லீங்க. நீங்களே பாருங்க" என்றார். பிறகு போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைத் தரையில் போட்டு, உள்பக்கம் மேலே வருகிற மாதிரிக் கவிழ்த்தார்.

உள்ளே ஒரு பக்கமாக, கைப்பிடி அளவுக்குக் காய்ந்த எரு அப்பிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த அரை அங்குல அகலம் அதற்கு வசதியான பள்ளமாக அமைந்துவிட்டது. வெளியேற ஓட்டையும் இல்லை. அவர் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பெயர்த்தார். அடை மாதிரி விழுந்தது. பாதி எங்கேயோ உதிர்ந்து போனதால்தான் எடை ஒரு பக்கம் சாய்ந்து சக்கரம் ஆடியிருக்கிறது. விழுந்ததில் வெள்ளை இறகுகள் இருந்தன. உடைந்த முட்டை ஓடு இருந்தது.

"கோழி எருவுங்க இது" என்றார். "எந்தப் பண்ணையில ஒட்டுனதுங்க?"

திங்கட்கிழமை ராசிபுரத்தில் ஒட்டியது. செவ்வாய்க்கிழமை அக்காவின் குஞ்சுக் கொட்டகை ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். மீதிப் பாதி எங்கே உதிர்ந்தது? நான் அப்படியே அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். இந்த நோயைத் தடுக்கக் குஞ்சின் கண்ணில் விடுகிற சொட்டு மருந்து என்று ஒன்று இருக்கிறது. அக்கா குஞ்சுகளுக்கு அது அடுத்த வாரம்தான் போட வேண்டிய முறை. விஷயம் தெரிந்தால் அன்றைக்கே போட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், இதுதானே என் பிழைப்பு. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"குஞ்செல்லாம் எப்படிக்கா இருக்குது?"

"துள்ளிட்டுத் திரியுது கண்ணு. ஏன் கேக்கற?"

"சும்மாதான்" என்றேன். வைத்துவிட்டேன்.

ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோய் காற்றிலும் வரும், காக்காயும் கொண்டு வரும், தீவன லாரியிலும் வரும். ஒன்றும் ஆகாதபோது நானாக எதற்குப் போய்ச் சொல்லி, அக்கா முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்? வியாழக்கிழமை போயிற்று. வெள்ளிக்கிழமையும் போயிற்று. சோறு இறங்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. நான் இவ்வளவு கோழை என்பது எனக்கே அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசியதில் பாதி புரியவில்லை. "சாவுதுடா, எல்லாம் சாவுதுடா" என்பது மட்டும் புரிந்தது.

பஸ்ஸில் போய் இறங்கி, பண்ணைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசலில் தீவனச் சாக்குகள் வாய் கட்டி அடுக்கியிருந்தன. உள்ளே இருந்தது தீவனம் இல்லை. கால்நடை டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "வெள்ளைக்கழிச்சல்தான். எப்படி வந்துச்சுன்னு இப்பச் சொல்ல முடியாது. ஒரு மூணு நாளைக்கு முன்னாடி தெரிஞ்சு சொட்டு மருந்து போட்டிருந்தா, பாதியாவது தப்பிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் என்று அவர் சொன்னதும் நான் பின்னால் எண்ணிப் பார்த்தேன். புதன்கிழமை.

அக்காவின் தலை கலைந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. "எல்லாம் அவ கொண்டு வந்ததுடா" என்றாள். "போன வாரம் ஊருக்குப் போயிருந்தா. அங்க நாட்டுக்கோழி அடிச்சுத் தின்னுட்டு வந்திருக்கா. அவதான் கொண்டாந்துட்டா. நேத்துச் சாயங்காலம் நாலு குஞ்சு உழுந்ததுமே தொரத்தி உட்டுட்டேன். மாமன் கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

அந்தப் பெண்ணின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்து வைத்த தெளிப்பான் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் மனுஷனே இல்லை. சொன்னேன். ராசிபுரம் பண்ணை, எரு, ஓட்டை அடைத்த ரிம், பட்டறையில் பெயர்த்து எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் புள்ளை உள்பக்கம் அடிக்க வந்தாக்கா. நான்தான் பெயிண்ட் போயிரும்னு தடுத்தேன்" என்று சொன்னபோது அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குஞ்சுகளை நினைத்துத்தான் என்று நினைத்தேன்.

பிறகு வாயிலிருந்து கையை எடுத்து, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை."

"சக்கரம் ஆடுதுன்னு அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருக்கற. என்ற கிட்டச் சொல்றதுக்கு மூணு நாளாடா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போயி அவளைக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்மம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து அவள் அம்மா வீட்டைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் உட்கார்ந்து கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"குஞ்சு எத்தனைண்ணா நிக்குது?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"கால்வாசி கூட இல்லம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தப்பு என்னுடையது, அக்கா கூட்டி வரச் சொன்னாள் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் மறுபடியும் உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தாள். எனக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"உன் மேல பழி போட்டப்போ, நான்தான் மருந்து அடிக்க விடலைன்னு நீ சொல்லியிருக்கலாமே? ஏம்மா சொல்லலை?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சொன்னேண்ணா. மொதல்ல அதைத்தான் சொன்னேன். 'என் தம்பி பண்ணை பண்ணையாப் போய் மருந்து விக்கிறவன், அவன் வாயில அப்படி வருமாடீ'ன்னு அக்கா கையை ஓங்கிட்டாங்க."